கரண்டி யார் கையில்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘பஃபே விருந்தில் சுத்தம் கெடுவது யாரால்? சமைப்பவராலா, சாப்பிடுபவராலா?’ புதுச்சேரி பெரிய மார்க்கெட் அருகே நடந்த மன்றத்தில், ‘சாப்பிடுபவரால்தான்’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! பேசி முடித்த கையோடு, ஜெயித்தே விட்டதாக நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவி அவர்களே! (சிரிப்பு) வெயிலையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற புதுச்சேரிப் பெருமக்களே! 

அம்மையார் என்னமா பேசினாங்க! சமையல்கட்டில் எலி, சமையல்காரர் தலையில் தொப்பி இல்லை, நேற்று மிஞ்சிய சோறு இன்றைக்குப் புலாவ் ஆகிறது. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. சூடாக இருக்க வேண்டிய பண்டம் 60 டிகிரிக்கு மேலே இருக்கணும், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே சொல்லுது. அதை மீறுகிறவன் குற்றவாளிதான். ஆனால் அம்மா, அவனைப் பிடிக்க அதிகாரி இருக்கார், அபராதம் இருக்கு, கடைக்குப் பூட்டு இருக்கு. உங்களையும் என்னையும் பிடிக்க யார் இருக்கா? தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற நம்மை யார் சோதனை போட்டாங்க?

‘பஃபே’ என்பது பிரெஞ்சுச் சொல். அந்த வகையில் நம்ம ஊர்ச் சொல் என்றே வைத்துக்கொள்ளலாம். (சிரிப்பு) பண்டபாத்திரம் வைக்கிற அலமாரி மேசைக்குத்தான் முதலில் அந்தப் பேர். பிறகு அந்த மேசையில் வைத்த சாப்பாட்டுக்கு ஆச்சு. இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் பஃபே, காதுகுத்துக்குப் பஃபே, கருமாதிக்குக்கூடப் பஃபே வந்துவிட்டது. ஆனால் கல்யாண விருந்தில் ஒரு வசதி உண்டு. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அவரவர் வயிற்றுவலியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். கப்பலில் அப்படி முடியாது. ஆயிரம், இரண்டாயிரம் பேர், நாளைக்கு மூன்று வேளை, அதே மேசை, அதே கரண்டி, சுற்றிலும் கடல். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கப்பலில் ஏற்றிப் பார்க்கணும் என்று சொல்கிறேன்.

கப்பல் நமக்கு அந்நியமும் இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் கிளம்பியது நினைவிருக்கும். புதுச்சேரிக் கரைக்கு வர அப்போது அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்டம் வரும், கலாச்சாரம் கெடும் என்று எதிர்ப்பு. பிறகு 2025 ஜூலையில் கப்பல் வந்தது. கடலில் தள்ளி நின்றது, பயணிகள் சிறு படகில் கரைக்கு வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். இந்த மூன்று வருஷமும் நாம் சூதாட்ட மேசையைப் பற்றி விவாதம் பண்ணினோம். சோற்று மேசையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. (கைதட்டல்)

அமெரிக்காக்காரன் திறந்தான். 1975-லிருந்து கப்பல் சுகாதாரத்துக்கென்றே அங்கே ஒரு திட்டம் நடக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் ஏறுவார்கள். சமையல்கட்டு, குடிதண்ணீர், குளிர்பெட்டி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 86 எடுத்தால்தான் பாஸ்! நம்ம பல்கலைக்கழகத்தில் 86 பாஸ்மார்க் என்று வைத்திருந்தால் இந்த மேடையில் ஒருத்தர் பேருக்கு முன்னாலும் ‘முனைவர்’ இருக்காது. நான் உட்பட. (பலத்த சிரிப்பு) அப்படி 95, 98 வாங்கின கப்பலிலும் வாந்தி பேதி வருகிறதே, எப்படி? அந்த மதிப்பெண் எல்லாம் கப்பலுக்கு. ஏறி வருகிற பயணியின் கைக்கு மார்க் போட்டவர் யாரும் இல்லை.

பயணி என்ன செய்கிறார்? நீங்களே பார்த்திருப்பீங்க. ஒருத்தர் மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். மோந்துவிட்டு, பிடிக்கவில்லை என்று மூடிவிட்டுப் போவார். இன்னொருத்தர் பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்குவார். ஜிலேபி சூடாக இருக்கா என்று ஒரு அம்மா விரலால் தொட்டுப் பார்ப்பாங்க, ஆறியிருந்தால் அடுத்த ஜிலேபியைத் தொடுவாங்க. கோழிக்குழம்புக் கரண்டி பாயசத்தில் நீச்சலடிக்கும். சாப்பிட்ட எச்சில் தட்டோடு இரண்டாம் தடவை வந்து, கரண்டியைத் தட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பாத்திரத்தில் போடுவார் ஒரு பெரியவர். கேட்டால், ‘நான் என்ன நோயாளியா?’ என்பார். இதில் எந்த இடத்திலாவது சமையல்காரர் வர்றாரா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

இந்தப் பழக்கம் கப்பலில் கற்றுக்கொண்டது இல்லை. இங்கேயே கற்றதுதான். கூப்பிடு தூரத்தில் இருக்கு பெரிய மார்க்கெட். ஏட்டில் குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பேரை வைத்தார்கள். சனம் இன்னும் பெரிய மார்க்கெட் என்றுதான் சொல்லுது. காலையில் உள்ளே நுழைந்தால் கருவாட்டு வாசமும் மல்லிகை வாசமும் ஒரே மூச்சில் ஏறும். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது, அது வேறு பட்டிமன்றம். (சிரிப்பு)

அங்கே வெண்டைக்காய்க் கூடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். வர்ற ஒவ்வொருத்தரும் நுனியை ஒடிப்பார்கள். டக்கென்று ஒடிந்தால் இளசு, எடுத்துக்கொள்வார்கள். வளைந்தால் முற்றல். முற்றலை என்ன செய்கிறோம்? மூக்கு தொங்கத் தொங்க அதே கூடையில் திரும்பப் போடுகிறோம். காய்கறிக்கார அம்மா ஒருத்தர் என்கிட்டே சொன்னாங்க, ‘வாத்தியாரே, பொழுது சாயறதுக்குள்ள என் கூடையில மூக்கோட ஒரு வெண்டைக்காய் இருக்காது. அத்தனையும் சூர்ப்பணகை!’ (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்தப் பக்கம் மீன். செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், சிவப்பா இருக்கா என்று. வயிற்றை அமுக்குகிறோம். கண்ணைக் குத்துகிறோம். நாலு மீனை இப்படி விசாரணை பண்ணிவிட்டு, ஐந்தாவது மீனை வாங்குகிறோம்.

இத்தனை பேர் கைபட்டும் ஊருக்கு ஒன்றும் ஆகலையே, ஏன்? வீட்டுக்கு வந்ததும் அலசுகிறோம். மீனை மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். தளதளவென்று கொதிக்கிற குழம்பில் போடுகிறோம். ஊரார் கைக்கும் நம்ம வாய்க்கும் நடுவிலே அடுப்பு நிற்குது! பஃபேயில் என்ன நடக்குது? அடுப்பு தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு ஊரார் கை வருது. கைக்கும் வாய்க்கும் நடுவில் எதுவுமே இல்லை. சந்தைக் கையை அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வருகிறோம். என் கட்சி இவ்வளவுதான் நடுவர் அவர்களே.

நம்ம முன்னோர் இதைப் பந்தியில் வைத்துத் தீர்த்திருந்தாங்க. சாப்பிடுகிறவன் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பரிமாறுகிறவன் சாப்பிடக்கூடாது. தண்ணீரை அண்ணாந்து குடிக்கணும். கை எச்சில் என்றால் கரண்டியை இடக்கையால் எடுக்கணும். இந்த எச்சில் என்கிற சொல்லை வைத்தே மனுஷனை மனுஷன் தீட்டு என்று தள்ளி வைத்த கதையும் உண்டு, தனிக் குவளை வைத்த கதையும் உண்டு. அந்தக் கேவலத்துக்கு நான் வக்கீல் இல்லை. கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் 400 பேருக்கு நாலு பேர் கரண்டி பிடித்த இடத்தில், இப்போது 400 பேரும் கரண்டி பிடிக்கிறோம் என்கிற கணக்கை மறுக்க முடியுமா?

2020-இல் ஜப்பானில் ஒரு சோதனை செய்தார்கள். யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் 3,711 பேரோடு நின்றதே, 700 பேருக்கு மேல் கொரோனா வந்ததே, அதற்குப் பிறகு. அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனம் என்.எச்.கே.யும் மருத்துவ நிபுணர்களும் சேர்ந்து கப்பல் பஃபே மாதிரியே மேசை போட்டார்கள். பத்துப் பேர். அதில் ஒருத்தர் கையில் மட்டும் விசேஷச் சாயம் தடவினார்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, புற ஊதா விளக்கில் மினுங்கும். அரை மணி நேரம் சாப்பிடவிட்டு, விளக்கைப் போட்டார்கள். பத்துப் பேர் கையிலும் சாயம்! மூன்று பேர் முகத்தில் சாயம்! ஒருத்தரை ஒருத்தர் தொடவே இல்லை ஐயா. தொட்டதெல்லாம் மூடி, இடுக்கி, குளிர்பானச் சாடியின் கைப்பிடி. கொரோனா பெரும்பாலும் காற்றில் பரவியது என்று பின்னால் தெளிவாச்சு. ஆனால் கை எங்கெங்கே போகும் என்று காட்ட அந்தச் சாயம் போதும். மறுபடி ஊழியர்களைப் பரிமாறச் சொல்லி, இடுக்கியை அடிக்கடி மாற்றி, எல்லோரையும் கை கழுவ வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சாயம் இல்லை.

கையால் பரவுகிறதில் கெட்டிக்காரன் நோரோ வைரஸ். 1968-இல் அமெரிக்காவில் நார்வாக் என்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வந்ததால் அந்தப் பேர். விரல் நுனியில் ஒட்டுகிற அளவே ஒரு ஆளைப் படுக்கப்போடப் போதும். கைப்பிடியில் நாள்கணக்கில் கிடக்கும். நாம் பெருமையாகத் தடவிக்கொள்கிற சானிடைசருக்கு அது சரியாக அடங்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். வாந்தி நின்ற பிறகும் இரண்டு நாளாவது அடுத்தவர் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டு நாள் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதுவரைக்கும் ஊர்க்கதை. இனிமேல் என் கதை. சிரிக்க முடியாது, மன்னிக்கணும்.

2023. என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அப்பா, அம்மா, அத்தை மூன்று பேருக்கும் மூன்று ராத்திரி கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாள். அத்தை என்றால் என் அக்கா. அப்போது 68 வயசு. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவங்க. நான் எம்.ஏ. சேர, காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவங்க. கடற்கரையில் காந்தி சிலை பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்திருக்காங்களே தவிர, அதன் மேல் போனதில்லை. கப்பலின் பேர் வேண்டாம். தப்பு கப்பலுடையது இல்லை என்று சொல்லத்தானே நிற்கிறேன்.

ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு வாந்தி, பேதி. மாத்திரை போட்டேன், முந்தின நாள் நின்றுவிட்டது. துறைமுகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த சில நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஏதாவது உண்டா? ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்டு என்று எழுதினால் ஏற்ற மாட்டார்கள். பிள்ளை போட்ட காசு போகும். அக்கா கரையிலேயே நிற்பாங்க. ‘இல்லை’ என்கிற கட்டத்தில் டிக் அடித்தேன். முப்பது வருஷம் வகுப்பில் வாய்மை அதிகாரம் நடத்தின கை.

முதல் ராத்திரி பஃபே. வாசலில் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண், கை கழுவும் தொட்டியைக் காட்டி, கழுவிவிட்டுப் போங்க சார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டம் வாங்கினவனுக்குக் கை கழுவச் சொல்லித் தர்றாளே என்று. 1847-இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்கிற மருத்துவர், பிணத்தை அறுத்த கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள் என்றார். தாய்மார்கள் சாவது குறைந்தது. ஆனாலும் மற்ற டாக்டர்களுக்குக் கோபம், நம்ம கையையா அசுத்தம் என்கிறான் என்று. படித்தவனிடம் கை கழுவு என்றால் அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். தொட்டிக்கு முன்னால் வரிசை வேறு. சானிடைசரில் இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு உள்ளே போனேன்.

கூட்டத்தைப் பார்த்து அக்கா மிரண்டுட்டாங்க. ‘நீங்க உட்காருங்கக்கா, நான் எடுத்துட்டு வர்றேன்’ என்றேன். ரொட்டி எடுக்க இடுக்கி இருந்தது. மெல்லிசு ரொட்டி, இடுக்கிக்குப் பிடிபடவில்லை. கையாலேயே இரண்டு ரொட்டியைப் பிரித்து அக்கா தட்டில் வைத்தேன். அந்த இடுக்கியைத் திரும்ப வைத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் எடுத்தார். அவர் பின்னால் ஒரு குழந்தையின் அம்மா எடுத்தாங்க.

அடுத்த நாள் ராத்திரி ஒரு மணிக்கு அக்காவுக்கு ஆரம்பித்தது. விடிவதற்குள் ஏழெட்டுத் தடவை. கப்பல் மருத்துவமனையில் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். கப்பல் டாக்டர் என்னிடம் கேட்டார், கூட வந்தவங்களுக்கு இதற்கு முன்னால் இப்படி இருந்ததா என்று. அக்கா படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாங்க. ‘இல்லை’ என்றேன். இரண்டாவது தடவை.

காலையில் சாப்பிடப் போனால், மேசையில் கரண்டி இல்லை. இடுக்கி இல்லை. கையுறை போட்டு ஊழியர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். பந்தி திரும்பி வந்துவிட்டது! எனக்கு முன்னால் நின்ற ஒரு தமிழர் அலுத்துக்கொண்டார், ‘என்ன சார் இது, காசும் கொடுத்துட்டுக் கையேந்தி நிக்கணுமா?’ என்று. நான் பதில் சொல்லவில்லை. என் அக்கா ஒருத்திக்காக இத்தனை ஏற்பாடு செய்ய மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூடிக் கிடந்த எந்தெந்த அறைக் கதவுக்குப் பின்னால் யார் யார் படுத்திருந்தார்களோ. அதில் எத்தனை என் கணக்கோ.

எதிரணி அம்மா கேட்பாங்க, அது சமையல்காரர் கையிலிருந்து வந்திருக்கலாமே என்று. இருக்கலாம்மா. ஆனால் கப்பல்காரன் என்ன செய்தான் பார்த்தீங்களா? அடுப்பை அணைக்கவில்லை. சமையல்காரரை மாற்றவில்லை. நம்ம கையிலிருந்த கரண்டியைத்தான் பிடுங்கினான். நோய் தலைகாட்டினால் கப்பல்களில் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று அது. அவனுக்குத் தெரிந்திருக்கு, எங்கே ஓட்டை என்று. (கைதட்டல்)

நேற்றுக் காலையில் அக்காவோடு பெரிய மார்க்கெட் போனேன். அக்கா நன்றாகத்தான் இருக்காங்க. வெண்டைக்காய் பொறுக்கினாங்க. அக்கா நுனி ஒடிக்க மாட்டாங்க, கண்ணால் பார்த்துத்தான் எடுப்பாங்க. ‘ஒடிச்சுப் பாருங்கக்கா, முற்றலா இருக்கப்போகுது’ என்றேன். ‘எதுக்குடா? மிச்சத்தை அவ விக்க வேணாமா?’ என்றாங்க.

அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். படிவம், ரொட்டி, எல்லாம். நாளைக்கு மேடையில் சொல்லப் போறேன், சொல்லலாமா என்று கேட்டேன். அக்கா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

‘எனக்கு அப்பவே தெரியும்டா. உன் பையில மாத்திரை அட்டை கிடந்துச்சு. பாதி காலி.’

‘ஏன்க்கா கேட்கலை?’

‘ஆசையா எடுத்துட்டு வந்து வச்ச. என்னத்தைக் கேக்கிறது?’

காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கினாங்க. நாலு அடி நடந்து திரும்பினாங்க. ‘மேடையில சொல்லு. ஆனா அந்த டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்ன பாரு, அதையும் சேர்த்துச் சொல்லு. அதை மட்டும் முழுங்கிடாதே. அந்த மனுஷன் எங்கேயிருந்து வந்துச்சுன்னு எத்தனை அறை ஏறி இறங்கினாரோ.’

சொல்லிவிட்டேன் அக்கா. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க.

நடுவர் மணி அடித்துவிட்டார். தீர்ப்பை அவர் சொல்லட்டும். மேடைக்குப் பின்னால் நமக்கெல்லாம் மதியச் சாப்பாடு வைத்திருக்கிறார்கள், பஃபேதான். (சிரிப்பு) குழாய் எந்தப் பக்கம் என்று வந்ததும் கேட்டுவைத்துவிட்டேன். சோப்பு இல்லை என்றார்கள். பையன் ஒருத்தன் வாங்கப் போயிருக்கான்.